உங்களுக்குத் தெரியுமா? தன்னையே கூப்பிட்டால் கெர்னல் காலி!

லினக்ஸ் கெர்னல் உங்கள் ப்ரோக்ராமுக்காக உள்ளே வேலை பார்க்கிறதே, ஃபங்ஷன் கூப்பாடுகளைக் குறித்துவைக்க அதற்குக் கிடைக்கும் ஸ்டாக் எவ்வளவு தெரியுமா? இன்றைய 64 பிட் இன்டெல் ரக மெஷினில்கூட வெறும் 16 கேபி!

சாதாரண ப்ரோக்ராமுக்கோ வழக்கமாக 8 எம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 512 மடங்கு! வீட்டு ஓனருக்கு ஸ்டோர் ரூம், வாடகைக்கு வந்தவருக்கு மாடி வீடு!

16 கேபி என்றால் 16,384 பைட். யூனிகோடின் UTF-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பகுதியை அப்படியே உள்ளே போட்டால், முழுசாக ஏறுவதற்குள் ஸ்டாக் நிரம்பி வழிந்துவிடும்!

அந்த 16 கேபியும் 2014-ல்தான் கிடைத்தது. அதற்கு முன் 8 கேபி! 32 பிட் மெஷின்களில் 4 கேபியிலேயே குடித்தனம் நடத்தும் ஆப்ஷனும் ஒரு காலத்தில் இருந்தது!

8 கேபி போதாமல் போனதற்கு ரிகர்ஷன்கூட, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவதுகூட, காரணமில்லை! மெமரி தீர்ந்தது, ஸ்வாப் எழுதப் போனது, அங்கிருந்து டிஸ்க் டிரைவர் வரை போனது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டு, அது மற்றொன்றைக் கூப்பிட்டே மொத்தமும் காலி! நேர்வழியில் போனதற்கே இந்தக் கதி என்றால், தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன் உள்ளே புகுந்தால்?

ஒரு கூப்பாட்டுக்கு 200 பைட் செலவு என்று வையுங்கள். 81 தடவை கூப்பிடலாம். 82-வது தடவை... முடிந்தது கதை!

முடிந்தால் என்ன ஆகும்? 2016 கடைசி வரை பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. சத்தமில்லாமல் பக்கத்து மெமரியில் எழுதிவிட்டுப் போகும்! அந்த டிசம்பரில் வந்த 4.9 கெர்னலில்தான் ஸ்டாக்குக்குப் பக்கத்தில் ஒரு காவல் பக்கம் வைக்க வழி வந்தது. ஆண்டி லூட்டோமிர்ஸ்கியின் கைவண்ணம். இப்போது ஒரு பைட் தாண்டினாலும் அந்த இடத்திலேயே பிடிபடும்!

அதே ஆண்டு ஜூனில் கூகுள் ப்ராஜெக்ட் ஸீரோவின் யான் ஹார்ன் காட்டிய வித்தை இன்னும் பயங்கரம். ஒரு ஃபைல் சிஸ்டத்தின் மேல் இன்னொரு ஃபைல் சிஸ்டத்தை ஏற்றி வைத்து, ஒரு பேஜ் ஃபால்ட்டுக்குள் இன்னொரு பேஜ் ஃபால்ட், அதற்குள் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போனார். ஸ்டாக் பொத்துக்கொண்டது. சாதாரண யூசர் மெஷினுக்கே முதலாளியான ரூட் ஆகிவிட்டார்!

இது என் பொக்கிஷம், பத்திரமாகப் படியுங்கள். ஸ்டாக்கின் கடைசியில் கெர்னல் ஒரு எண்ணை எழுதி வைக்கிறது: 1470918301. அது அழிந்திருந்தால் யாரோ எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் இந்த எண்? பதினாறடிமானத்தில் மாற்றி எழுதி, 5-ஐ எஸ், 7-ஐ டி, 6-ஐ கே, 9-ஐ என் என்று படியுங்கள். ‘ஸ்டாக் எண்ட்’! நம்மூர் பைக் நம்பர் பிளேட் எழுதுகிறவர்கள் தோற்றார்கள்!

ஒரே ஃபங்ஷன் 2,048 பைட்டுக்கு மேல் ஸ்டாக் கேட்டால் கம்பைல் பண்ணும்போதே எச்சரிக்கை வரும். 100 பைட் ஃபங்ஷன் தன்னையே ஆயிரம் தடவை கூப்பிட்டால்? அந்த எச்சரிக்கை மூச்சு விடாது!

அதனால்தான் கெர்னல்காரர்கள் ரிகர்ஷனைக் கண்ட இடத்தில் பிடுங்குகிறார்கள். வருஷக்கணக்காக!

சிம்லிங்க் தெரியும்தானே? லினக்ஸின் ஷார்ட்கட். பாதையின் நடுவில் ஒரு லிங்க், அது சுட்டும் பாதையின் நடுவில் இன்னொரு லிங்க், அதற்கும் நடுவில் இன்னொன்று. பாதை தேடும் ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் தன்னையே கூப்பிட்டது. எங்கே முடியுமோ என்று பயந்து போட்ட வேலி எவ்வளவு? 8 அடுக்கு! 9-வது லிங்க்குக்கு அனுமதி இல்லை!

2015 ஆகஸ்டில் 4.2 வந்தது. அல் விரோ அந்த ரிகர்ஷனை வேரோடு எடுத்தார். ‘இந்த லிங்க்கை முடித்துவிட்டு எங்கே திரும்ப வேண்டும்’ என்பதை மட்டும் ஒரு குட்டிப் பட்டியலில் குறித்துக்கொண்டு லூப் அடித்தால் போதாதா? போதும்! 8 என்ற வேலி மாயம். மொத்தம் 40 லிங்க் என்ற ஒரே கணக்குதான் மிச்சம்!

சிக்கனத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலிலும் முதல் 2 இடம் மட்டும்தான் ஸ்டாக்கில். மூன்றாவது அடுக்கு தேவைப்பட்டால்தான் வெளியே மெமரி கேட்கும்!

ஃபோல்டர் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் கேஷில் இன்னொரு கூத்து. கடைசிக் குழந்தை வெளியேறினால் அப்பாவும் வெளியேற வேண்டியதுதான். பிறகு தாத்தா. பிறகு கொள்ளுத்தாத்தா. வால் ரிகர்ஷன்! கம்பைலரே அதை லூப்பாக மாற்றிவிடுமே என்கிறீர்களா? ஜிசிசி கம்பைலர் பெரும்பாலும் இதில் கோட்டை விடும், அதனால் கையாலேயே செய்திருக்கிறோம் என்று கோடுக்குள்ளேயே கமெண்ட் எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஒரு காலத்தில் ஒரு டிவிடி போதுமாயிருந்தது, கெர்னலைச் சாய்க்க! யூடிஎஃப் என்ற டிவிடி ஃபார்மட்டில் ‘தகவல் இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்’ என்று எழுதலாம். அங்கே போனால், ‘இங்கேயும் இல்லை, அடுத்த இடம்’. அரசாங்க ஆபீஸ் மாதிரியேதான்! கெர்னல் ஒவ்வொரு தடவையும் தன்னையே கூப்பிட்டது. 2014-ல் யான் காரா அதை லூப்பாக்கினார். 1,024 தடவை அலைந்த பிறகும் கிடைக்காவிட்டால் விட்டுவிடும்!

டிவிடிகூட வேண்டாம். நெட்வொர்க் பாக்கெட் ஒன்றே போதுமாயிருந்தது! உள்ளே சரக்கே இல்லை. எந்த நெட்வொர்க் என்று சொல்லும் விலான் ஹெடர், அதற்குள் விலான் ஹெடர், மறுபடி விலான் ஹெடர். ஒவ்வொன்றும் 4 பைட். பிரிக்கப் பிரிக்கக் காகிதம், பரிசு மட்டும் இல்லை! உரித்துக்கொண்டே போன கெர்னல் ஸ்டாக் தீர்ந்து விழுந்தது. வருஷம் 2016. இப்போது உச்சவரம்பு 15!

இனி வருவதுதான் இந்தப் பகுதியின் ராஜா.

யூனிக்ஸ் சாக்கெட் வழியாக, திறந்து வைத்த ஃபைலையே இன்னொரு ப்ரோக்ராமுக்குப் பார்சல் அனுப்பலாம். சாக்கெட்டும் ஒரு ஃபைல்தான். ஆக, சாக்கெட்டுக்குள் சாக்கெட்டை அனுப்பலாம்! அதற்குள் இன்னொன்று. அதற்குள்ளும் இன்னொன்று!

இப்போது வெளியே இருப்பதை மட்டும் மூடுங்கள். அது உள்ளே இருப்பதை மூடும். அது தன் உள்ளே இருப்பதை மூடும். தன்னையே நேராகக் கூப்பிடும் ஃபங்ஷன் ஒன்றுகூடக் கண்ணில் படாது. மூடு, அழி, மூடு, அழி என்று சுற்றி வளைத்து வரும் ரிகர்ஷன்! 2008-ல் தெரிந்தது: எந்தச் சாதாரண யூசரும் இதை வைத்து மெஷினையே பேனிக் ஆக்கலாம்!

வைத்தியம்? ‘உடனே மூடாதே, பட்டியலில் போடு. வெளியே இருக்கும் லூப் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்.’ அவ்வளவுதான்!

அப்படியும் கதை முடியவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் சாக்கெட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? 2024-ல் வந்த 6.10 கெர்னலில் குனியூகி இவாஷிமா தூசி தட்டி எடுத்தது ராபர்ட் டார்ஜனின் 1972-ஆம் ஆண்டு அல்காரிதம்! 52 வருஷப் பழசு! டார்ஜன் எழுதியது ரிகர்ஷன். கெர்னலில் இருப்பதோ முன்னே போ, பின்னே வா என்று இரண்டு லேபிள், இடையே தாவிக் குதிக்கும் கோடூ!

கோடூ என்றதும் முகம் சுளிக்காதீர்கள். ப்ராசஸர் நேரத்தைப் பங்கு போடும் ஷெட்யூலர், தன் குழுக்களின் மரத்தைச் சுற்றி வருவதும் கோடூவில்தான். லேபிள் பெயர்கள் என்ன தெரியுமா? ‘டௌன்’, ‘அப்’! கிணற்று வாளி தோற்றது!

டிஸ்க் மேல் டிஸ்க் அடுக்கினாலும் இதே வியாதி. ரெய்டு, அதன் மேல் எல்விஎம், அதன் மேல் என்க்ரிப்ஷன். ஒவ்வொரு மாடியும் கீழ் மாடிக்குக் கோரிக்கையைத் தள்ள, ஒரே ஃபங்ஷன் மறுபடி மறுபடி ஓடியது. 2007-ல் நீல் பிரவுன் ஒரு வரிசை வைத்தார். ‘ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார், நீ க்யூவில் நில்!’ எத்தனை மாடி இருந்தாலும் ஸ்டாக்கில் ஒரே ஒரு தளம்தான்!

ஆனால் க்யூ என்று வந்தால் யார் முதலில் என்ற சண்டையும் வருமே? வந்தது! ஒருவருக்காக ஒருவர் காத்து அப்படியே உறைந்து நிற்கும் டெட்லாக். வரிசையை மாற்றி 2017-ல் சரிசெய்தவரும் அதே நீல் பிரவுன். சரியாக 10 வருஷம்!

வரிசைப்படுத்த உலகமே புகழும் குயிக் சார்ட், லினக்ஸ் கெர்னலின் பொது சார்ட் ஃபங்ஷனில் இல்லை! ஹீப் சார்ட்தான். 2005-ல் மேட் மக்கால் எழுதியது. குயிக் சார்ட் சராசரியில் கொஞ்சம் வேகம் என்று அந்தக் கோடே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வேண்டாமாம்! வேண்டுமென்றே மோசமான பட்டியலைக் கொடுத்து அதைத் திணறடிக்கலாம், கூடுதல் இடமும் கேட்கும்!

சிவப்பு-கறுப்பு மரம் கெர்னலில் மூலைக்கு மூலை உண்டு. 10 லட்சம் கணுக்கள் இருந்தாலும் உயரம் 40-ஐத் தொடாது! ஏறவும் இறங்கவும் ரிகர்ஷன் வேண்டாம், ஒவ்வொரு கணுவும் அப்பா முகவரியைக் கையில் வைத்திருக்கும். சிவப்பா கறுப்பா என்ற நிறம் எங்கே? அதே முகவரியின் கடைசி பிட்டில்! நிறத்துக்கென்று தனி இடம் 0 பைட்!

கெர்னலுக்குள் நாமே குட்டி ப்ரோக்ராம் ஓட்டும் பிபிஎஃப் தெரியுமா? அதற்குக் கிடைக்கும் ஸ்டாக் 512 பைட்! கூப்பாடு 8 அடுக்குக்கு மேல் போகக் கூடாது. 2019 வரை லூப்புக்கே தடை! இதையெல்லாம் சோதிக்கும் வெரிஃபையர், ப்ரோக்ராமின் கிளைகளைக் கடைசி வரை தோண்டிப் பார்க்கிறது. அதுவும் ரிகர்ஷன் இல்லாமல்! ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தானும் கடைப்பிடிக்கிறார், என்ன ஆச்சரியம்!

நெட்வொர்க் டிவைஸ் மேல் டிவைஸ் அடுக்குவதற்கு 2019 வரை வரம்பே இல்லை. இப்போது 8! ப்ராசஸ் எண்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் பிஐடி நேம்ஸ்பேஸுக்கு அடுக்கு வரம்பு 32!

ரிகர்ஷன் அடியோடு இல்லையா? இருக்கிறதே! ஈஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டத்தில் ஃபைலின் இடங்களை விடுவிக்கும் ஃபங்ஷன் கூச்சமே இல்லாமல் தன்னைக் கூப்பிடுகிறது. யாரும் கை வைப்பதில்லை. ஏன்? மறைமுக அடுக்கு அதிகபட்சம் 3. தலைகீழாக நின்றாலும் நாலாவது கிடையாது!

விண்டோஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கும் இதே பாடுதான். 64 பிட்டில் 24 கேபி, 32 பிட்டில் 12 கேபி!

நாசாவின் ஜெட் ப்ராபல்ஷன் லேபில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் பத்துக் கட்டளைகள் எழுதினார். முதல் கட்டளையே, ரிகர்ஷன் கூடாது! அதே கட்டளையில் கோடூவும் கூடாது. இதைக் கெர்னல்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது?

40-வது ஃபிபனாச்சி எண்ணைப் பாடப்புத்தக ரிகர்ஷனில் கண்டுபிடிக்க ஃபங்ஷன் எத்தனை தடவை ஓடும்? 33,11,60,281 தடவை! லூப்பில்? 39 கூட்டல்!

இத்தனை பாடு படுத்தும் ஸ்டாக் என்ற யோசனைக்கு 1957-ல் பேட்டன்ட் கேட்டவர்கள் மியூனிக்கின் ஃப்ரெட்ரிக் பவுவரும் கிளாஸ் ஸாமல்ஸனும். அவர்கள் வைத்த பெயர் ‘கெல்லர்’. ஜெர்மனில் நிலவறை!

லினக்ஸ் மெஷின் கையில் இருக்கிறதா? ஒரு சிம்லிங்க் போடுங்கள், அது தன் பெயரையே சுட்டட்டும். பிறகு திறந்து பாருங்கள். கெர்னல் பொறுமையாக 40 தடவை சுற்றும். 41-வதில் கையை விரித்துவிடும்!