ஒரே கால் வலி, இரண்டு காரணங்கள்

பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று அப்பாவும் பெரியப்பாவும் என்னோடு ஏறினர். நடந்தால் கால் வலி என்று இருவருமே பல மாதங்களாகச் சொல்லி வந்தனர். "வயசானா வரத்தான் செய்யும்" என்று இருவரும் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தனர்.

அப்பா சற்றுக் குனிந்தபடி சிரமமின்றி ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் இடுப்பிலிருந்து இரு தொடைகளும் மரத்துப்போய் வலித்தன. நின்று பார்த்தார், குறையவில்லை. படியில் உட்கார்ந்ததும் குறைந்தது. பெரியப்பாவோ ஏறத் தொடங்கிய சற்று நேரத்திலேயே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். அவர் உட்காரவில்லை. நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் வலி போய்விட்டது. மறுபடி ஏறினார், மறுபடி வலி.

இதை அப்படியே மருத்துவரிடம் சொன்னேன். சோதிக்கும் முன்பே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

அப்பாவுக்கு முதுகெலும்பினுள் நரம்புகள் செல்லும் பாதை குறுகியிருந்தது. நிமிர்ந்தால் அது மேலும் நெருங்கும். குனிந்தால், உட்கார்ந்தால் சற்று விரியும். பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அப்பா மணிக்கணக்கில் நடந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது! இந்நோயை 1954இல் விரிவாக விளக்கியவர் வெர்பீஸ்ட் என்ற டச்சு மருத்துவர்.

பெரியப்பாவுக்கு முதுகில் குறையே இல்லை. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு. ஏறும்போது தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது, கிடைக்கவில்லை, வலிக்கிறது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்த்தார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வர். நீரிழிவும் சிகரெட்டும் உள்ளவருக்கு இது பொல்லாத நோய். காலில் சிறு புண் வந்தாலும் ஆறாமல் காலையே எடுக்க நேரிடலாம். இதயக் குழாய்களிலும் அடைப்பு இருக்கக்கூடும். தைலம் தேய்த்தே காலம் கடத்தினோமே என்று இன்றும் மனம் பதைக்கிறது.

விடுதியில் கணினிமுன் கிடக்கும் நண்பர்களே, நம் வயதில் வருவது பெரும்பாலும் வேறு. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை ஒரு காலில் மட்டும் வலி இறங்கும். உட்கார்ந்தால், இருமினால் கூடும். பலருக்கு அறுவை சிகிச்சையின்றியே சில வாரங்களில் குறைந்துவிடும். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் பிதுக்கம் தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து மிரளவேண்டாம். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அப்பா இப்போது மிதிவண்டி ஓட்டுகிறார். பெரியப்பாவை வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் கர்னி டிரைவில் நடக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சட்டைப் பையைப் பெரியம்மா தினமும் சோதிக்கிறார்.