வீட்டுக் கடனை விரைவில் தீர்ப்போம்

நெசவுக் குடும்பத்துக்கு வீடு குடியிருக்கும் இடமாக மட்டும் அமைவதில்லை. தொழிற்கூடமும் பெரும்பாலும் அதுவே. ஓரிக்கையிலும் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனைய ஊர்களிலும் கூடத்தில் குழித்தறி இருக்கும்; அதன் அருகிலேயே அடுப்பும் எரியும். அத்தகைய வீட்டின் பத்திரம் பிறர் பெட்டியில் இருக்கும்வரை, தறியும் ஈட்டில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். பயிரிடும் அங்கத்தினருக்கும் இது பொருந்தும். மழை பொய்த்த ஆண்டிலும் தவணை பொய்ப்பதில்லை.

சொந்த மனையில் சொந்த வீடு என்பது நம் பகுதியில் நெடுநாளைய மதிப்பு. கி.பி. 920ஐ ஒட்டிய பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டியவன் தன் மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவனாக இருக்கவேண்டும் என்கிறது. வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவனை அது விலக்கியும் வைக்கிறது. வீடும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்ற அந்த இரு நிபந்தனைகளும் இன்றைய வீட்டுக் கடனுக்கும் ஏற்றவையே.

வட்டியின் கணக்கு

ஓர் அங்கத்தினர் 5,00,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கினார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,500 ரூபாய். முதல் மாதத் தவணையில் 3,750 ரூபாய் வட்டிக்கே சென்றுவிடுகிறது. அசலில் கழிவது 750 ரூபாய்தான். முதலாண்டு முழுவதும் 54,000 ரூபாய் கட்டியும் அசல் குறைவது சுமார் 9,400 ரூபாயே. பத்தாண்டுகள் தவறாமல் கட்டி முடித்த நாளில், பாதிக் கடன் தீர்ந்தது என்று அவர் எண்ணுவார். கணக்கைப் பார்த்தால் இன்னும் 3,55,000 ரூபாய் நிற்கும். இருபதாண்டு முடிவில் அவர் கட்டிய தொகை ஏறத்தாழ 10,80,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை கொடுத்ததாயிற்று.

இதில் வஞ்சகம் ஏதுமில்லை. நிற்கும் அசலுக்கு மாதந்தோறும் வட்டி கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில் அசல் பெரிதாகையால் வட்டியும் பெரிதாகிறது. அந்தத் தொடக்க காலத்தில் அசலைக் குறைப்பவருக்கே லாபம் அதிகம்.

முந்திக் கட்டும் ரூபாய்

அதே அங்கத்தினர் முதல் மாதத்திலிருந்தே 1,000 ரூபாய் கூட்டி 5,500 ரூபாயாகக் கட்டினால், 20 ஆண்டுக் கடன் 12 ஆண்டு 10 மாதங்களில் தீரும். மிச்சமாகும் வட்டி சுமார் 2,36,000 ரூபாய்.

மாதந்தோறும் இயலாதவர், தீபாவளி போனஸ், அறுவடைப் பணம், சீட்டுப் பணம் ஆகியவற்றில் ஒரு பகுதியைக் கட்டலாம். முதலாண்டின் இறுதியில் ஒரே தடவையாக 25,000 ரூபாய் கட்டினால் 27 தவணைகள் குறையும். அதே தொகையைப் பத்தாம் ஆண்டின் இறுதியில் கட்டினால் 13 தவணைகளே குறையும். பணம் ஒன்றே, காலம் வேறு. ஆகவே, பெருந்தொகை சேரட்டும் என்று காத்திராமல் சிறுதொகையை முன்னதாகக் கட்டுவதே அறிவுடைமை.

எதில் சிக்கனம்?

மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 33 ரூபாய். தேநீர்க் கடையிலும் புகையிலும் தவணைக்கு வாங்கும் கைபேசியிலும் இந்த 33 ரூபாய் ஓசையின்றிக் கரைகிறது. ஊர் மெச்சவேண்டும் என்று கடன் வாங்கிச் செய்யும் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் சில ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்குகின்றன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து ஒரு மாதம் வரவு செலவு எழுதிப் பார்த்தால், குறைக்க வேண்டிய இடம் தானே தெரியும்.

சிக்கனம் வேறு, பட்டினி வேறு. குழந்தைகளின் பாலையும் படிப்பையும், மருந்தையும், தறியின் பழுதுபார்ப்பையும் குறைத்துக் கடனைத் தீர்க்கலாகாது. உழைக்கும் உடலும் ஓடும் தறியுமே தவணை கட்டுகின்றன.

முறையும் எச்சரிக்கையும்

முதலில், வட்டி மிகுந்த கடனைத் தீர்க்க வேண்டும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதமாகிறது. அதை வைத்துக்கொண்டு 9 சதவீதக் கடனுக்கு முந்திக் கட்டுவது கணக்கறியாமை.

இரண்டாவது, கையிருப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். சில காலங்களில் பாவு கிடைக்கத் தாமதமாகும். மூன்று மாதக் குடும்பச் செலவையும் தவணையையும் தாங்கும் தொகையைச் சேமிப்பில் வைத்த பிறகே மிகுதியைக் கடனில் கட்ட வேண்டும். கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க இயலாது.

மூன்றாவது, எழுத்து. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முந்தி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012இல் விதித்தது. மாறா வட்டியானால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கூடுதல் தொகை கட்டும்போது, "இதை அசலில் வரவு வைத்து, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து ரசீது பெறுக.

வட்டி மாறும்போதும் விழிப்பாயிருக்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிவரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமாக உயர்ந்தது. அப்போது பலருடைய தவணைத் தொகை மாறவில்லை. ஆனால் அவர்கள் அறியாமலே கடன்காலம் நீண்டது. தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடனாளிக்கு அளிக்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆண்டுக்கொருமுறை கணக்கு விவரம் கேட்டு வாங்குவது நம் கடமை.

கடன் முழுதும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து இவ்விதி நடப்பில் உள்ளது. பத்திரம் கைக்கு வந்ததும், ஈடு தீர்ந்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றிலும் சரிபார்த்துக் கொள்க.

கூட்டுறவின் முதற்பாடம்

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், உழவர், கைத்தொழிலாளர், சிறு வருவாயினர் ஆகியோரிடையே சிக்கனத்தையும் சுய உதவியையும் கூட்டுறவையும் வளர்ப்பதைத் தன் நோக்கமாகக் கூறிற்று. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நம் காஞ்சிபுரத்தில்தான். கடன் கொடுப்பதற்கென்று வந்த சட்டம் சிக்கனத்தை முதலில் வைத்தது பொருள் நிறைந்தது. கடன் நம்மை உயர்த்த வேண்டுமானால் அது தீரவும் வேண்டும்.

வீட்டுக் கடனுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதமே தம் கணக்கு விவரத்தைப் பெற்று, நிற்கும் அசல் எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்பதை வீட்டாருடன் அமர்ந்து பார்க்க வேண்டுகிறோம். அடுத்த தவணையில் நூறு ரூபாயேனும் கூட்டிக் கட்ட இயலுமாயின், அதுவே நல்ல தொடக்கம்.