ப்ரிகெல்லா: முகமூடி போட்ட சூத்திரதாரி

வட இத்தாலியில் பெர்கமோ என்றொரு ஊர். மேட்டில் மதிலுக்குள் ஒரு நகரம், அடிவாரத்தில் இன்னொன்று. 16-ம் நூற்றாண்டில் அந்த மலைப்பக்கத்தில் பிழைக்க வழியில்லாமல் வெனிசுக்கு மூட்டை தூக்க வந்தவர்கள் ஏராளம். ‘கொமெதியா தெல்லார்த்தே’ என்ற முகமூடி நாடகத்தின் வேலைக்காரப் பாத்திரங்கள் அவர்களைப் பார்த்து உருவானவை. கீழூர்க்காரன் ஆர்லெக்கினோவுக்கு எப்போதும் பசி. முதலில் ஓடுவான், பிறகுதான் யோசிப்பான். மேலூர்க்காரன் ப்ரிகெல்லா ஓடவே மாட்டான். யோசித்துவிட்டு இன்னொருவனை ஓடவைப்பான்.

ப்ரிகெல்லாவுக்கு வெள்ளை உடை, ஓரமெல்லாம் பச்சைப் பட்டை, இடுப்பில் பணப்பையும் குத்துவாளும். முகமூடி ஆலிவ் பச்சை: வளைந்த மூக்கு, பாதி மூடிய கண்கள். தோலை நனைத்து மர அச்சின்மேல் போர்த்தி, சுருக்கம் விழாமல் தட்டித் தட்டிச் செய்வார்கள். அது மேலுதட்டோடு நின்றுவிடுவதால் பேசத் தடையில்லை. ஆனால் புருவமும் கன்னமும் மறைந்துவிடும். மனதில் ஒரு திட்டம் உதிப்பதைக் கழுத்தின் திருப்பத்திலும் நடையின் தயக்கத்திலும்தான் காட்டவேண்டும். நடிப்பில் இதைவிடக் கடினமானது அதிகமில்லை என்பேன்.

இந்த நாடகங்களுக்கு எழுதிய வசனம் கிடையாது. கதைச்சுருக்கம் மட்டும் மேடைக்குப் பின்னால் தொங்கும். பேச்சை நடிகர்களே அந்த நேரத்தில் உண்டாக்குவார்கள். கதை எங்காவது தொய்ந்தால் ஒரு பொய்யோ கடிதமோ கொண்டுவந்து முடிச்சுப்போட ஓர் ஆள் வேண்டும். கருமி வியாபாரி பந்தலோனேயை ஏமாற்றி, காதலர்களுக்குத் தூதுபோகும் ப்ரிகெல்லா அந்த வேலையைச் செய்தான். அவனை வெறும் கோமாளியாக எண்ணுவது தவறு.

கார்லோ கோல்தோனி 1740-களில் படைத்த ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்தில் அவன் விடுதி முதலாளியாகவே உயர்ந்துவிட்டான். இறந்துபோன அண்ணன் வேடத்தில் பெயாத்ரிச்சே வெனிசுக்கு வருகிறாள். பந்தலோனேக்குச் சந்தேகம். அவளை முன்பே தெரிந்த ப்ரிகெல்லா, “இவர் அவரேதான்” என்று சாட்சி சொல்கிறான். அதன் பிறகு நடக்கும் குழப்பம் அத்தனைக்கும் அந்த ஒரு பொய் வழிவிடுகிறது.

இயக்குநர் ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் இந்த நாடகத்தை 1947-ல் மிலான் நகரின் பிக்கோலோ தியேட்டரில் மேடையேற்றினார். அந்தத் தயாரிப்பு பல பத்தாண்டுகள் உலகம் சுற்றியது. அதன் பதிவு கிடைத்தால் தவறாமல் பாருங்கள். எல்லாரும் அதில் வேலைக்காரனாக வரும் ஆர்லெக்கினோவின் குட்டிக்கரணத்தில் மயங்கியிருக்கும்போது, கொஞ்சநேரம் அந்த விடுதிக்காரனையும் கவனியுங்கள்.