ஓட்டக்காரனும் இரண்டு கிலோ பனிக்கட்டியும்

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிக்கு அருகே ஒரு கல்லூரியின் விளையாட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். மார்ச் மாதம், செம்மண் மைதானம், பகல் பதினொரு மணி. 5,000 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் முன்னால் வந்துகொண்டிருந்த மாணவன் தள்ளாடினான், ஏதோ உளறினான், விழுந்துவிட்டான். சுற்றி நின்ற நாங்கள் என்ன செய்தோம்? ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். ஒருவர் துண்டால் விசிறினார். நான் அவனை நிழலுக்குத் தூக்கினேன். பிறகு வண்டி தேடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் சிறுநீரகம் பழுதடைந்து பல வாரம் படுக்கையில் கிடந்தான்.

பௌதிகம் கற்பிக்கும் நான் அன்று போட்டிருக்க வேண்டிய கணக்கை வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவன் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அவன் உடலில் சுமார் 700 வாட் வெப்பம் உண்டாகிறது. உடலின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 ஜூல். ஆகவே அவன் உடல் ஒரு டிகிரி சூடேற 2,10,000 ஜூல் வேண்டும். இதை 700 ஆல் வகுத்தால் 300 விநாடி, அதாவது ஐந்தே நிமிடம்! வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் 37 டிகிரி செல்சியஸில் இருக்கும் உடல் கால் மணியில் 40 டிகிரியை எட்டிவிடும்.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 700 வாட் வீதம் ஒரு மணி நேரத்தில் உண்டாகும் வெப்பமோ 25 லட்சம் ஜூல். கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது அல்லவா? ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது சொட்டித் தரையில் விழுகிறது. சொட்டும் வியர்வையால் பயன் இல்லை.

உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, அறிவும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. அக்குளில் வைக்கும் வெப்பமானி இங்கே ஏமாற்றும். மலக்குடலில் வைத்துப் பார்ப்பதே சரியான அளவைத் தரும். சுமார் அரை மணிக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர்.

எப்படிக் குளிர்விப்பது? கழுத்தளவு பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவதுதான் மிக விரைவான வழி. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. குளிர்ந்த நீர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்று முன்பு பலர் அஞ்சினார்கள். அளந்து பார்த்தபோது உடல் வேகமாகவே குளிர்ந்தது. மூன்று டிகிரி இறக்க 6,30,000 ஜூலை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 3,34,000 ஜூலை உறிஞ்சும். அப்படியானால் உருக வேண்டிய பனிக்கட்டி இரண்டு கிலோகூட இல்லை! தொட்டி இல்லாவிட்டால் நெல் காயவைக்கும் தார்ப்பாய் போதும். நால்வர் அதன் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் அவனைக் கிடத்தி, தலை மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நீரும் பனிக்கட்டியும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அறிந்தவராக மைதான ஓரத்தில் நிற்க வேண்டியவர் யார்? பயிற்சியாளரின் வேலை ஓட வைப்பது. மருத்துவரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடையில் உள்ளவரை உருவாக்க அமெரிக்காவில் ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. அத்தொழிலில் இருப்பவர்கள் 1950இல் கான்சாஸ் சிட்டியில் கூடிச் சங்கம் அமைத்தனர். 1990இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. இப்போது அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், காயங்களுக்கு முதலுதவி, மீண்டும் களமிறங்க வைக்கும் பயிற்சி ஆகியவை பாடங்கள். பாடமும் மாறிக்கொண்டே இருக்கும். சுளுக்குக்கு ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் தந்த மருத்துவர் கேப் மிர்க்கினே, பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் திருத்திக்கொண்டார். (வெப்பத் தாக்குக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நம் நாட்டில் உடற்கல்விக்கு நல்ல மரபு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கினார். பயிற்சியாளர்களுக்காகப் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல் ஏற்பட்டது. எங்கள் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுக்கென உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அமைந்தது. இயன்முறை மருத்துவம் படிப்போர் முதுகலையில் விளையாட்டுத் துறையை எடுக்கலாம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு விளையாட்டு மருத்துவத்தில் எம்.டி. உண்டு, அதைத் தரும் கல்லூரிகள் மிகச் சில. ஒரே துறையை மூன்றாக வெட்டி மூன்று கட்டடங்களில் வைத்ததுபோல எனக்குத் தோன்றுகிறது. உடற்கல்வி மாணவரும் இயன்முறை மருத்துவ மாணவரும் ஓராண்டாவது ஒரே மைதானத்தில் சேர்ந்து பயிலலாமே!

எங்கள் கல்லூரி விழாவில் இப்போது ஓட்டங்களைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். மைதானத்து வேப்பமரத்தடியில் ஒரு தார்ப்பாயும், மரத்தூளில் புதைத்த இரண்டு பனிக்கட்டிப் பாளங்களும் இருக்கும். இதுவரை மாணவர்கள் அதை உடைத்து எலுமிச்சைச் சாற்றில்தான் போட்டிருக்கிறார்கள்.