ஆணம் கொதிக்கும் நேரத்தில் ஒரு கதை





சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டை எறிய மனமில்லாமல், கசங்கலை நீவி நீவி வாசிக்கும் பெண்ணை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவேளை அந்தப் பெண் நீங்களாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது என் மூத்த ராத்தா. எட்டாம் வகுப்போடு அவரது பள்ளிக்கூடம் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. வாசிகசாலையிலிருந்து வாப்பா எடுத்து வரும் நாவல்கள் அவரோடு குசினிக்குள் போகும். அரிசி களையும் நேரமும் ஆணம் கொதிக்கும் நேரமும்தான் அவரது வாசிப்பு நேரம்.

அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து, மௌலவிப் பட்டத்தோடு நான் வீடு வந்த புதிது. ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பின் பக்கத்தில் ஒரு நாவல் கவிழ்ந்து கிடந்தது. "கதைப் புத்தகம் வாசிச்சு என்னத்தக் காணப் போறீங்க ராத்தா? அந்த நேரத்துல ரெண்டு ஆயத்து ஓதலாமே" என்றேன்.

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி அலுமாரியின் மேல் வைத்தார். அதன் பிறகு அவர் கையில் நான் நாவலைக் காணவில்லை. ஓதச் சொன்னது தவறல்ல. அவர் ஓதாதவர் போல நான் பேசியதுதான் தவறு. ஸுபஹுத் தொழுது, ஓதி முடிக்காமல் அவர் ஒரு நாளும் அடுப்பு மூட்டியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

அந்தச் சொல்லுக்கு நான் பரிகாரம் தேடிய கதைதான் இது. கூடவே, உங்கள் குசினியில் வைப்பதற்குச் சில ஆபிரிக்க நாவல்களையும் சொல்லித் தருகிறேன்.

விறகடுப்பும் சன்சிபார்க் கதையும்

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மச்சான் வபாத்தானார். ராத்தா இத்தாவில் அமர்ந்தார். அந்த மாதங்களை நாம் யாரும் மறக்க முடியாது. கேஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. ராத்தா வீட்டிலும் பழைய விறகடுப்பு திரும்ப மூண்டது. அஸருக்குப் பிறகு நான் அங்கே போய்க் குசினி வாசற்படியில் குந்திக்கொள்வேன். ஆறுதல் சொல்லப் போனவனுக்குச் சொல்ல ஒன்றும் வராது.

ஒரு நாள் என் பையில் ஒரு நாவல் இருந்தது. 2021 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அப்துர் ரஸாக் குர்னாவின் 'பரடைஸ்'. குர்னா 1948 இல் சன்சிபாரில் பிறந்தவர். அகதியாக இங்கிலாந்து போனவர். 1994 இல் வெளியான அந்த நாவலை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு வழியில்லாமல், அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

யூசுப் என்றொரு சிறுவன். அவன் வீட்டுக்கு அவ்வப்போது அஸீஸ் மாமா என்ற வியாபாரி வருவார். அவர் வந்தால் உம்மா பெரிய சமையல் சமைப்பா. நெய் மினுங்கும் சோறு, கோழி ஆணம், தேங்காய்ப்பாலில் ஆக்கிய கீரை. போகும்போது மாமா சிறுவனின் கையில் ஒரு நாணயம் வைப்பார். பிள்ளைக்கு அவர் வருகை என்றால் பெருநாள்தான்.

ராத்தா அகப்பையை நிறுத்தினார். "இது விருந்துக்கு ஆக்கின சோறில்ல தம்பி. கடனுக்கு ஆக்கின சோறு" என்றார்.

நான் திகைத்துப் போனேன். கதை அப்படித்தான் போகிறது. அஸீஸ் உண்மையில் மாமாவே அல்ல. தகப்பன் கடன்பட்டிருந்த வியாபாரி. அந்தக் கடனுக்காக, பன்னிரண்டு வயதில் யூசுப் அவரோடு அனுப்பப்படுகிறான். எனக்கு அது பல பக்கங்கள் கழித்துத்தான் விளங்கியது. ராத்தாவுக்குச் சோற்றின் நெய்யிலேயே விளங்கிவிட்டது. வீட்டில் இல்லாததை இருப்பதாகக் காட்டிச் சமைப்பது என்னவென்று சமைத்தவருக்குத்தானே தெரியும்!

சகோதரிகளே, நாவல் வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டுமென்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு கோப்பைச் சோற்றின் பின்னால் யாருடைய உழைப்பு, யாருடைய கவலை, யாருடைய கடன் இருக்கிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த அறிவே நல்ல வாசகியின் முதல்.

ஏன் ஆபிரிக்கா?

ஆபிரிக்கா நமக்குத் தூரத்து நாடு என்பது வரைபடத்தில்தான். இப்னு பதூதா 1331 இல் மொகடிஷுவில் இறங்கினார். நெய் விட்டு ஆக்கிய சோறும், அதன் மேல் கோழி, இறைச்சி, மீன், மரக்கறி ஆகியவற்றின் ஆணமும், பாலில் அவித்த வாழைக்காயும், எலுமிச்சை ஊறுகாயும், பச்சை இஞ்சியும் தமக்கு வைக்கப்பட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அதே பயணி 1344 இல் நம் நாட்டுக்கும் வந்தார். சோறும் ஆணமும் அச்சாறும் அவருக்கு இங்கே புதிதாக இருந்திராது.

கினி நாட்டின் கமாரா லாயி 1953 இல் பிரெஞ்சு மொழியில் தம் சிறுவயதை நாவலாக எழுதினார். அதில் எல்லோரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிறார்கள். மேற்பார்வை உம்மாவுடையது. பிள்ளை தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். வாப்பாவின் பக்கத்தில் கிடக்கும் கோழித் துண்டுக்குக் கை நீட்டக்கூடாது. சஹனைச் சுற்றி அமர்ந்து வளர்ந்த நமக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா?

சிரிப்பும் இருக்கிறது. ஸூடானின் தய்யிப் ஸாலிஹ் அரபியில் எழுதிய 'உர்ஸுஸ் ஸைன்' ஒரு பால்காரியோடு தொடங்குகிறது. ஊரே கேலி செய்யும் ஸைனுக்குக் கல்யாணமாம் என்று அவள் செய்தி சொல்கிறாள். கேட்டவள் வாய் பிளந்து நிற்க, அந்தச் சந்தடியில் பாலைக் குறைத்து அளந்து விடுகிறாள்! நைஜீரியாவின் சினுவா ஆச்சிபி 1958 இல் எழுதிய நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் நம் நாட்டவரான என். கே. மகாலிங்கம். அதில் கிழங்குத் திருநாள் பற்றி ஒரு வேடிக்கை வருகிறது. ஒருவர் விருந்துக்குக் குவித்த கிழங்குக் களி மலைபோல் உயர்ந்து நின்றதாம். ஒரு பக்கத்தில் இருந்தவர், எதிர்ப்பக்கத்தில் வந்து அமர்ந்திருந்த தம் சம்பந்தியை மாலையில் களி குறைந்த பிறகுதான் கண்டாராம். நம்முடைய கல்யாண வீட்டுப் பெருமைகளை இதைவிட நன்றாகக் கேலி செய்ய முடியுமா?

இத்தாவில் எழுதிய கடிதம்

யோசித்து யோசித்துத்தான் அடுத்த நாவலை ராத்தாவிடம் எடுத்துப் போனேன். செனகல் நாட்டின் மரியாமா பா 1979 இல் எழுதியது; 'மிக நீண்ட ஒரு கடிதம்' என்று தலைப்பைச் சொல்லலாம். 1980 இல் ஆபிரிக்க நூல்களுக்கான நோமா விருதை முதன்முதலாகப் பெற்றது அந்த நூல்தான். அடுத்த ஆண்டே ஆசிரியை காலமானார்.

கதாநாயகி ஓர் ஆசிரியை. பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். பெயர் ரமதுலாய். நம் ரஹ்மதுல்லாஹ்தான் அங்கே அப்படி ஒலிக்கிறது. கணவன் மௌத்தாகி, நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும்போது தன் தோழிக்கு எழுதும் கடிதமே நாவல். கணவன் தன் மகளின் தோழியையே இரண்டாம் தாரமாக முடித்து, இந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருந்தவன். அனுமதியை எடுத்துக்கொண்டு நீதியைக் கைவிட்டவன். மையித்து வீட்டுக்கு முன்பெல்லாம் அரிசி, மா, எண்ணெய், சீனி, பால் என்று கொண்டு வந்தவர்கள், இப்போது பணத்தாள்களைக் காட்டிப் போட்டி போடுகிறார்களே என்றும் அவள் வருந்துகிறாள். அந்தத் தோழியின் கதையும் உண்டு. கணவன் இரண்டாம் தாரம் முடித்ததும் அவனை விட்டு விலகியவள் அவள். புத்தகங்களே அவளுக்குப் புகலிடமாகி, அவளைத் தூக்கி நிறுத்தின என்று ரமதுலாய் எழுதுகிறாள்.

அந்த இடத்தைச் சொன்னபோது என் குரல் இறங்கிவிட்டது. புத்தகத்தைப் பறித்தவன் நானல்லவா? "ராத்தா, அண்டைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகியும் அவருக்கு நினைவிருந்தது. விறகை உள்ளே தள்ளிவிட்டு, "எனக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கித் தா தம்பி" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதுகிறார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கடைசியாகச் சொன்னது உஸ்மான் செம்பேனின் 'இறைவனின் விறகுத் துண்டுகள்'. 1947 ஒக்டோபரில் தொடங்கி 1948 மார்ச் வரை நீண்ட டக்கார் - நைஜர் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி 1960 இல் வந்த நாவல். ஆண்கள் வேலையை நிறுத்தினார்கள். பெண்களால் அடுப்பை நிறுத்த முடியுமா? கடைக்காரர் கடன் தர மறுக்கிறார், தண்ணீரும் வெட்டப்படுகிறது. இங்கேயும் ஒரு ரமதுலாய். வசதியான சகோதரன் கைவிரித்துவிட்டான். அவனுடைய கொழுத்த கிடாய், வீட்டில் மிஞ்சியிருந்த அரிசியையும் வந்து தின்றுவிட, அவள் கத்தியை எடுத்து அதை அறுத்து எல்லோருக்கும் பங்கிடுகிறாள். ஒரு வாரம் வரிசையில் நின்றும் கேஸ் கிடைக்காமல் வந்திருந்த அயல் வீட்டுப் பெண்ணும் அன்று குசினியில் இருந்தா. இருவரும் கதை முடியும்வரை எழும்பவில்லை. ராத்தா ஆக்கிய ஆணம் அன்று அடிப்பிடித்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு சஹன் செனகல் சோறு

இத்தா முடிந்த பின்னர் ஒரு நாள், "அந்த ஊர்ச் சோற்ற ஆக்கிப் பாப்பமா?" என்றார் ராத்தா. செனகலில் அதற்குச் 'செபு ஜென்' என்று பெயர். சோறும் மீனும் என்பதே பொருள். 2021 இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவக் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. குறுணல் அரிசியில்தான் ஆக்குவார்கள். பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சிக்குட்பட்ட இந்தோசீனாவிலிருந்து கொண்டு வந்து இறக்கிய மலிவான அரிசி அது. அதையே அந்த நாட்டுப் பெண்கள் பெருமைக்குரிய சாப்பாடாக மாற்றிவிட்டார்கள்.

எங்கள் முறை இது. பாரை மீன் துண்டுகளைக் கீறி, கொத்தமல்லி இலை, உள்ளி, பச்சைமிளகாய், உப்பு அரைத்து அடைத்துப் பொரித்தெடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயமும் நிறையத் தக்காளியும் வதக்கித் தண்ணீர் விடுங்கள். மரவள்ளிக்கிழங்கு, கெரட், கோவா, கத்தரிக்காய் ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, மீனையும் இட்டு அவியவிடுங்கள். வெந்ததும் எல்லாவற்றையும் அள்ளி வைத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே கழுவிய குறுணல் அரிசியை வேகவையுங்கள். அடியில் சற்றுப் பிடித்தால் கவலைப்படாதீர்கள். அந்தச் செந்நிறக் காந்தலைத்தான் அங்கே விரும்பிச் சுரண்டுகிறார்கள். சோற்றைச் சஹனில் பரப்பி, மீனையும் மரக்கறியையும் நடுவில் அடுக்கித் தேசிக்காய் பிழியுங்கள். மச்சானின் இடம் வெறுமையாக இருந்த வீட்டில், எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

சகோதரிகளே! வாசிப்பு என்றால் பாடமும் படிப்பினையும் இருந்தே ஆக வேண்டுமென்று மேடைகளில் சொல்லிப் பழகியவன் நான். இன்று சொல்கிறேன், சந்தோஷத்துக்காகவும் வாசியுங்கள். அதற்கு யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் தேங்காய் துருவலாம். மகள் வாசிக்க நீங்கள் மீன் ஆயலாம். ஆங்கிலமோ அரபியோ தெரிந்த பிள்ளை கதையைத் தமிழில் சொல்லட்டும்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் புத்தகத்தைக் கண்டால், அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அகப்பை ஒன்றும் பாரமில்லை. நான் பிடித்துப் பார்த்துவிட்டேன்.