உங்களுக்குத் தெரியுமா? மூளை வரை போகும் ஃபிளவனாய்டு

நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டும் ஊதாவும், கத்தரிக்காய்த் தோலின் கருநீலமும் ஃபிளவனாய்டுகள் தரும் நிறங்கள். 1936-இல் ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி எலுமிச்சையிலிருந்து ஃபிளவனாய்டுகளைப் பிரித்தபோது, வைட்டமின் என்றே நினைத்தார். பின்னால் அந்தப் பட்டம் போய்விட்டது.

1990-இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள், பேஷன் ஃபுரூட் இனத்தைச் சேர்ந்த ஒரு நீலப்பூக் கொடியில் கிரைசின் என்ற ஃபிளவனாய்டைக் கண்டார்கள். பதற்றத்துக்குத் தரப்படும் டயாசிபாம் மாத்திரை மூளையில் எந்த ஏற்பியைப் பிடிக்கிறதோ, அதையே இதுவும் பிடித்தது. சோதனை எலிகளுக்கு வலிப்பையும் தடுத்தது. செடி மருந்து என்றாலே மனப்பிரமை என்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கெமோமைல் பூவில் உள்ள அபிஜெனினும் இதே வகைதான். 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தீராப் பதற்றம் உள்ள 57 பேரிடம் கெமோமைல் சாற்றை 8 வாரம் சோதித்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குப் பதற்றம் ஓரளவு கூடுதலாகத் தணிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது.

ஃபிளவனாய்டு உள்ள கிங்கோ இலைச் சாறு ஞாபகசக்திக்கு என்று உலகமெங்கும் விற்கிறது. அதைச் சோதிக்க அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரைச் சுமார் 6 ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2008-இல் வந்த முடிவு: மறதிநோயை அது தடுக்கவில்லை.



சோதனைக்குழாயில் ஜெயிப்பது உடம்பில் தோற்பது ஏன்? நாம் விழுங்கும் ஃபிளவனாய்டில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. மூளைக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம்.

வெங்காயத்தில் உள்ள குவர்செடின் என்ற ஃபிளவனாய்டு வெளி அடுக்குகளில்தான் அதிகம். அவசரத்தில் சருகோடு சேர்த்து ஒரு சதை அடுக்கையும் உரித்து எறிந்தால் நல்ல பங்கு குப்பைக்குப் போகிறது. சருகை மட்டும் உரியுங்கள். வேகவைத்த தண்ணீரிலும் குவர்செடின் இறங்கும். அதைக் கொட்டாமல் குழம்பில் சேருங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், மூலிகை மாத்திரை வாங்கியாயிற்று என்று டாக்டர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற மூலிகையை அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416-ஐ அழையுங்கள். இந்திய அரசின் இந்த இலவச உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.