பால் விலக்கியோர்க்குப் பந்தி

மாமிசத்தோடு பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகிய அனைத்தையும் விலக்கும் வீகன் நியமத்தைப் பரப்புவதற்காக 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய சகாக்களும் ஒரு சங்கம் கண்டார்கள். அந்நியமத்தை ஏற்ற நம்மவர் ஒருவர் கோலாலம்பூரில் பசியாறப் புறப்பட்டால், செல்வர்கள் நாடும் புதுப்பாணி விடுதிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும், பிரிக்பீல்ட்ஸின் சாதாரணச் சைவக் கடைகளே அவருக்குப் போதும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

முதற்காரணம் தேங்காய். ரயில்வே உத்தியோகம் நாடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இப்பகுதியில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலையும் எழுப்பிய தமிழர்கள் இடியாப்பத்திற்குச் சொதி வார்த்து உண்பவர்கள். மஞ்சள் கலந்த தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் மெல்லக் கொதிக்க, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழியப்படும் அந்தச் சைவச் சொதியில் பசும்பாலுக்கு இடமே இல்லை. மற்றொரு காரணம், பூண்டு வெங்காயத்தையும் விலக்கும் சீனரின் பௌத்த சம்பிரதாயச் சமையல். புரட்டாசியில் நம்மவர் புலால் மறுக்க, ஏறத்தாழ அதே பருவத்தில் சீனர் ஒன்பது பேரரசர் விழாவை முன்னிட்டு ஒன்பது நாள் மரக்கறி உண்ண, மரக்கறிக் கடைகளில் மஞ்சள் கொடி பறப்பதைக் காண்பது மனத்துக்குப் பெருநிறைவு.

ஆயினும் சைவம் என்று பலகை மாட்டிய மாத்திரத்தில் நிச்சிந்தையாக உட்கார்ந்துவிடக் கூடாது. வாழையிலையில் சோறும் கீரையும் பாகற்காய் வறுவலும் அப்பளமும் விழும்வரை கவலையில்லை. அடுத்து வரும் மோர்மிளகாயோ மோரில் ஊறி உலர்ந்தது. பருப்பின்மேல் ஊற்றும் நெய்யையும், இறுதியில் வரும் தயிரையும் பாயசத்தையும் கையமர்த்தி மறுக்கவேண்டும்; தோசையை எண்ணெயில் வார்க்கும்படி முன்கூட்டியே சொல்லவேண்டும். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி ஸ்தாபித்த கலைக்கோவிலான டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைச் சார்ந்து, பிரிக்பீல்ட்ஸ் பெர்ஹாலா சாலையில் விளங்கும் அன்னலட்சுமியிலும் பால் சேர்ந்த சைவமே மரபாதலால், அங்கும் விசாரித்தே உண்ணவேண்டும். சீனர் கடைகளில் சந்தேகம் வேறு திசையில் எழும்: சோயாவாலும் கோதுமைப் பசையாலும் செய்த போலி இறைச்சி சிலவற்றை முட்டையின் வெண்கருவால் இறுகச் செய்கிறார்கள். மலாய்ச் சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது மறைந்திருப்பது இந்நாட்டவர் அறிந்ததே.

பானத்தில் மட்டும் சிரமமே இல்லை; கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை விடுத்து ‘தே ஓ’ என்றால் போதும்.

கிள்ளானிலும் தெங்கு கிளானா சாலையில் இதே கேள்விகளைக் கேட்டு இட்டலியும் சாம்பாரும் உண்ணலாம். பன்றியிறைச்சி சேர்ந்த பாக் குட் தேக்குப் பேர்போன அவ்வூரிலேயே, மூலிகைச் சாற்றில் காளானும் தோஃபுவும் இட்டு அதனை மரக்கறியாகச் சமைப்பாரும் உண்டு என்பது, ருசிக்கு மாமிசம் இன்றியமையாதது என்று வாதிப்போர் சிந்திக்கத்தக்கது.

கடைக்காரப் பெருமக்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே: உங்கள் விலைப்பலகையில் பாலும் நெய்யும் முட்டையும் சேராத பண்டங்களுக்கு நேரே ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள், பரிமாறும் பிள்ளைகளுக்கும் அதன் பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.